தேர்வில் தேறினேன், பயிற்சி பெறவில்லை: என் உரிமம் என்னாகும்?

கேள்வி: நான் ஹியூஸ்டனில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். கணவரின் வேலைக்காக வந்தோம். இங்கேயே படித்து எல்.வி.என். (ஆர்.என்.னுக்குக் கீழ்நிலையில் உள்ள உரிமம் பெற்ற செவிலியர்) ஆனேன், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவுப் பணி. 2019-இல், உடன் வேலை பார்த்த ஒருவர் மூலமாக ஒரு முகவர் அறிமுகமானார். தெற்கு ஃபுளோரிடாவில் ஒரு நர்சிங் பள்ளியில் சேர்ந்தால் எட்டு மாதத்தில் ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) ஆகிவிடலாம், வேலையை விட வேண்டியதில்லை என்றார். 15,000 டாலர் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஹோட்டல் அறையில் தேர்வுக்கான வகுப்பு மட்டும் நடந்தது. மருத்துவமனைக்கு யாரும் அழைத்துச் செல்லவில்லை; ஆனாலும் கைக்கு வந்த டிரான்ஸ்கிரிப்டில் கிளினிக்கல் மணிகள் (மருத்துவமனைப் பயிற்சி நேரம்) எல்லாம் இருந்தன. நியூயார்க் வழியாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள். செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் மூன்றாவது முறை தேறினேன். பிறகு டெக்சஸ் உரிமமும் பெற்று, நான்கு ஆண்டுகளாக ஆர்.என். ஆக வேலை செய்கிறேன். என்மீது ஒரு புகார்கூட இல்லை. இப்போது செவிலியர் வாரியத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. தேர்வில் நேர்மையாகத் தேறிய எனக்கு எதற்குத் தண்டனை? ஏமாந்தது நான்தானே? உரிமத்தை நீயே ஒப்படைத்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்கிறாள் தோழி, செய்யலாமா? அதுவரை வேலைக்குப் போகலாமா? அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன், அது என்னாகும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஒன்பது ஆண்டுகள் வார்டில் செவிலியராக இருந்துவிட்டுச் சட்டம் படித்தவள் நான். இப்போது வாரியங்களின் முன்னால் செவிலியர்களுக்காக வாதாடுவதே என் தொழில். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு கண்களாலும் படித்தேன். வழக்கறிஞரின் கண்ணுக்கு அதில் உங்களுக்குச் சாதகமாக ஓரளவு தெரிகிறது. செவிலியரின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். பொதுவில் எழுதப்படும் இந்தப் பதில், உங்கள் கோப்பைப் பிரித்துப் படித்து ஒரு வழக்கறிஞர் தரும் ஆலோசனைக்கு ஈடாகாது என்பதையும், அப்படி ஒருவரை இந்த வாரமே நீங்கள் தேடிக்கொள்ள வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எந்தப் பெரிய வலையின் ஓர் இழையில் நிற்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜனவரி 25 அன்று, 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற பெயரில் நடந்த விசாரணையின் முடிவை ஃபுளோரிடாவின் தென்மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்தது. எஃப்.பி.ஐ.யும் மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் சேர்ந்து நடத்திய விசாரணை அது. தெற்கு ஃபுளோரிடாவில் இயங்கிய மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களும் டிரான்ஸ்கிரிப்டுகளும் விற்கப்பட்டிருந்தன என்றும், 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்றும் அன்று தெரிவித்தார்கள். வாங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் என்கிளெக்ஸ் தேர்வில் தேறிவிட்டார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன கணக்கு. விற்றவர்கள் கிரிமினல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாங்கியவர்களின் பெயர்ப்பட்டியல் அந்தந்த மாநிலச் செவிலியர் வாரியத்துக்குப் போயிற்று. உங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் அந்தப் பட்டியலிலிருந்து புறப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். உங்களை நியூயார்க் வழியாக அனுப்பியதும் தற்செயல் அல்ல. அந்த மாநிலத்தில் ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் இந்தத் தேர்வை எழுதலாம். தேறுவதற்குப் பல முயற்சிகள் தேவைப்படும் என்று தெரிந்தே முகவர்கள் அந்த வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. தேர்வில் தேறியவருக்கு எதற்குத் தண்டனை என்று கேட்கிறீர்கள். இதே கேள்வியை என் அலுவலகத்தில் குறைந்தது பன்னிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்ட எல்லாருக்கும் அது உறுதியான வாதமாகவே பட்டது. ஆனால் சட்டம் உரிமத்துக்கு இரண்டு பூட்டுகளைப் போட்டிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ஒரு பாடத்திட்டத்தை முடித்திருக்க வேண்டும் என்பது ஒன்று. தேர்வில் தேற வேண்டும் என்பது மற்றொன்று. ஒரு சாவியைக் காட்டி இரண்டையும் திறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. டெக்சஸ் மாநிலத் தொழில்கள் சட்டத் தொகுப்பின் 301-ஆம் அத்தியாயம்தான் அங்குள்ள செவிலியர் சட்டம். விண்ணப்பதாரர் தம் தகுதியைச் சத்தியம் செய்து கூற வேண்டும் என்கிறது அது. உரிமம் பெறுவதற்காக மோசடியோ வஞ்சகமோ செய்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய காரணம் என்று 301.452-ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. அந்தப் பிரிவு, நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததா என்று கேட்பதில்லை. நான்கு ஆண்டுகளாகப் புகார் இல்லை என்பது தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றச்சாட்டுக்குப் பதில் ஆகாது.

படிப்பையும் தேர்வையும் தனித்தனியே கேட்பதில் அரசுக்கு உரிமை உண்டா என்ற விவாதம் மிகப் பழையது. மேற்கு வர்ஜீனியாவில் ஆண்டுக்கணக்கில் மருத்துவம் பார்த்துவந்த டென்ட் என்பவரின் கல்லூரிப் பட்டயத்தை மாநில வாரியம் ஏற்க மறுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். பிறர் உயிரைக் கையாளும் தொழிலுக்கு இன்ன படிப்பு வேண்டும் என்று விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1889-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் நிழலில்தான் இன்றைய எல்லா உரிம வாரியங்களும் நிற்கின்றன. உங்கள் வழக்கறிஞர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அதைத் தாண்டி வாதாட முடியாது.

சட்டம் கிடக்கட்டும், செவிலியராகப் பேசுகிறேன். என்கிளெக்ஸ் கடினமான தேர்வுதான். நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அது கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போகும். அதில் தேறுவதற்கு உண்மையாகவே படித்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தேர்வில் 'இந்த நான்கு நோயாளிகளில் முதலில் யாரைப் பார்ப்பீர்கள்' என்று கேட்கும்போது, நான்கு பேரின் நிலையையும் யாரோ ஒருவர் ஏற்கெனவே கவனித்து, முக்கியமானதைப் பொறுக்கி, உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வார்டில் அந்த 'யாரோ ஒருவர்' நீங்கள்தான். மார்ஃபின் கொடுத்து ஒரு மணி நேரம் ஆன நோயாளி அமைதியாகத் தூங்குகிறார் என்று நினைத்துக் கடந்து போவதற்கும், அவருடைய மூச்சு நிமிடத்துக்கு எட்டாகக் குறைந்திருப்பதைக் கதவருகிலேயே கண்டுகொள்வதற்கும் இடையில் உள்ள தூரம் புத்தகத்தில் இல்லை. என் மாணவப் பருவத்தில், மூத்த செவிலியர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "உள்ளே போகாதே, இங்கிருந்தே பத்து விநாடி பார், அப்புறம் என்ன பார்த்தாய் என்று சொல்" என்றார். அந்தப் பத்து விநாடியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது. உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகியிருக்கும் கிளினிக்கல் மணிகள், அப்படிப்பட்ட பத்து விநாடிகளின் கூட்டுத்தொகை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்த விசாரணைக்குத் தன் பெயரை இரவல் கொடுத்திருக்கும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனில் செவிலியர்களைப் பதிவு செய்யும் திட்டம் வந்தபோது, அதை விடாப்பிடியாக எதிர்த்தவர். நல்ல செவிலியருக்கு வேண்டிய குணங்களைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அவருடைய வாதம். 1919-இல் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தபோது அவர் உயிருடன் இல்லை. பதிவைப் பற்றி அவர் சொன்னது தவறு என்றே நான் நினைக்கிறேன். தேர்வைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க என்னால் முடியவில்லை.

அடுத்து, ஏமாந்தது நான்தானே என்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்த வரி இதுதான். பணத்தை இழந்தீர்கள் என்பது உண்மை. முகவர் உங்கள் அவசரத்தையும், இரவுப் பணியின் களைப்பையும், எல்.வி.என். சம்பளத்துக்கும் ஆர்.என். சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் பேசியிருக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் வாரியத்தின் விசாரணை அலுவலர் கேட்கப்போவது வேறு ஒன்று: டிரான்ஸ்கிரிப்டைக் கையில் வாங்கிய அன்று, அதில் எழுதியிருப்பது நடக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரியாது என்று நீங்கள் சொன்னால், உங்களுடைய எல்.வி.என். உரிமமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். செவிலியர் பள்ளியின் வாசலையே மிதிக்காத ஒருவர், கிளினிக்கல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்லி ஓரளவு நம்ப வைக்கலாம். நீங்கள் அதைச் செய்தவர். விடியற்காலையில் சீருடை போட்டுக்கொண்டு போய், கையில் குறிப்பேடும் நெஞ்சில் படபடப்புமாக ஒரு பயிற்சி ஆசிரியரின் பின்னால் நின்றவர். அந்த அனுபவம் இரண்டாவது படிப்பில் ஒரு நாள்கூட வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை என்று எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

ஒரு விசாரணை அறையில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். என் கட்சிக்காரர் அல்ல; வேறொருவரின் விசாரணைக்குக் காத்திருந்தபோது கேட்டது. குழந்தைகள் பிரிவில் 45 மணி நேரம் பயிற்சி பெற்றதாக அந்தச் செவிலியரின் டிரான்ஸ்கிரிப்ட் சொன்னது. அவரும் ஆமாம் என்றார். வாரியத்தின் வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பிரிவு எத்தனையாவது மாடியில் இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அறையில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு மேசைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று பயிற்சி நடந்ததாகச் சொல்லப்பட்ட நாட்கள். மற்றது அதே நாட்களில், ஆயிரம் மைலுக்கு அப்பால், அவர் வேலை பார்த்த இடத்தில் வருகை இயந்திரம் பதிந்த நேரங்கள். அதற்கு மேல் ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை. பட்டயம் வாங்கியதை ஒப்புக்கொண்டிருந்தால் அவருக்கு ஏதாவது மிச்சமாகியிருக்கும். சத்தியம் செய்துவிட்டு அந்த அறையில் சொன்ன இரண்டாவது பொய்தான் அவரை முழுவதுமாக மூழ்கடித்தது. நீங்களும் வேலையை விடாமல்தான் "படித்தீர்கள்" என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் சம்பளச் சீட்டுகள் ஹியூஸ்டனில் இருக்கின்றன.

அதற்காக, அந்தப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் எல்லாரும் வாங்கியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளிகள் ஒரு காலத்தில் மாநில அங்கீகாரத்துடன் இயங்கியவை. அங்கே உண்மையாகவே வகுப்புக்குப் போனவர்களும் இருந்தார்கள். பள்ளியின் பெயர் கெட்டுப்போனதால் அவர்களுக்கும் கடிதம் போயிருக்கிறது. இதைப் படிப்பவர்களில் அப்படி யாரேனும் இருந்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மையான பயிற்சி தடயம் விடாமல் நடக்காது. எந்த மருத்துவமனையும் காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு இல்லாமல் ஒரு மாணவரை வார்டுக்குள் விடுவதில்லை. அந்தக் காகிதங்கள், மாணவர் அடையாள அட்டை, வண்டி நிறுத்திய ரசீது, பயிற்சி ஆசிரியருடன் பரிமாறிய மின்னஞ்சல் ஆகிய எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தால், ஃபுளோரிடாவில் மூடப்பட்ட தனியார் கல்வி நிறுவனங்களின் மாணவர் பதிவேடுகளுக்கு அந்த மாநிலத்தின் தன்னாட்சிக் கல்வி ஆணையத்தை அணுகலாம்.

வாரியங்களைப் பற்றியும் எனக்கு ஒரு குறை உண்டு. உங்களுக்குப் பதில் எழுதும் சாக்கில் அதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இன் தொடக்கத்தில் மாநிலத்துக்கு ஒரு விதமாக நடந்துகொண்டார்கள். டெலவேர் 26 பேரின் உரிமங்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. ஜார்ஜியா 22 பேரிடம், முப்பது நாட்களுக்குள் நீங்களாகவே உரிமத்தை ஒப்படைத்துவிடுங்கள் என்று கேட்டது. வேறு மாநிலங்கள் முறைப்படி குற்றச்சாட்டுப் பதிவு செய்தன. ஒரே கடையில் ஒரே பொருளை வாங்கியவர்கள், குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்து வெவ்வேறு பெயருள்ள தண்டனையைப் பெற்றார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாம். எதிர்காலமே அதில்தான் இருக்கிறது. உரிமம் செல்லாது என்று அறிவிப்பது, அடிப்படைத் தகுதி இல்லாததால் அது தொடக்கத்திலிருந்தே உரிமம் அல்ல என்று சொல்வதாகும். அதில் வாங்கியவரின் மனநிலையைப் பற்றித் தீர்ப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. உரிமத்தைப் பறிப்பது, செல்லுபடியான ஒன்றைக் குற்றத்துக்காகத் திரும்ப எடுப்பது. மோசடி என்ற சொல் அதன் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். உண்மையாகவே ஏமாந்தவருக்கு முதலாவதும், தெரிந்தே வாங்கியவருக்கு இரண்டாவதும் என்று பிரித்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பயிற்சி பெறாத எவரும், அவர் எவ்வளவு அப்பாவியாக இருந்தாலும், ஆர்.என். உரிமத்தை வைத்திருக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பாவியின் பெயருக்கு எதிரே மோசடி என்று எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கிருந்துதான் உங்கள் தோழியின் யோசனைக்கு வர வேண்டும். உரிமத்தை ஒப்படைத்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்பது, என் அனுபவத்தில், நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஆபத்தான வார்த்தை. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது ஒப்படைப்பது சும்மா விலகிக்கொள்வதாகக் கருதப்படாது. அது ஒழுங்கு நடவடிக்கையாகவே பதிவாகும். நாடு முழுவதும் எந்த முதலாளியும் பார்க்கக்கூடிய நர்சிஸ் தரவுத்தளத்தில் அது தெரியும். மத்திய அரசின் தேசிய மருத்துவப் பணியாளர் தரவு வங்கிக்கும் அறிக்கை போகும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இப்படிப்பட்ட சூழலில் உரிமத்தை இழந்தவரையோ ஒப்படைத்தவரையோ மெடிகேர், மெடிகெய்ட் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து விலக்கி வைக்க, மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளருக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்த விலக்குப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், அந்தத் திட்டங்களின் பணம் வரும் இடத்தில் செவிலியராக மட்டுமல்ல, அலுவலக எழுத்தராகக்கூட வேலை பார்க்க முடியாது. முதியோர் இல்லங்களின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இறுதியில் நீங்கள் ஆர்.என். உரிமத்தை ஒப்படைக்க வேண்டியே வரலாம். நீங்கள் எழுதியிருப்பது முழு உண்மை என்றால் அதுவே நடக்கும், நடக்கவும் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் எந்தச் சொற்களில் ஒப்படைக்கிறீர்கள், அந்த உத்தரவில் உண்மைகளாக என்னென்ன எழுதப்படுகின்றன, உங்கள் எல்.வி.என். உரிமத்தைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்பவற்றை வழக்கறிஞர் பேசி முடித்த பிறகுதான் உங்கள் பேனா அந்தக் காகிதத்தைத் தொட வேண்டும்.

டெக்சஸில் நடைமுறை ஏறத்தாழ இப்படி இருக்கும். இப்போது வந்திருப்பது விசாரணைக் கடிதம். உங்கள் பதிலைப் பார்த்த பிறகு வாரியம், ஒப்புக்கொண்ட உத்தரவு என்ற பெயரில் ஒரு சமரசத்தை முன்வைக்கலாம். நீங்கள் ஏற்காவிட்டால் முறையான குற்றச்சாட்டு பதிவாகும். அந்தக் கட்டத்திலிருந்து அது பொது ஆவணம். அதன் பிறகு மாநில நிர்வாக விசாரணை அலுவலகத்தில், வாரியத்தைச் சேராத ஒரு நிர்வாக நீதிபதியின் முன்னால் விசாரணை நடக்கும். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு வாரியத்துக்குத்தான்; ஆனால் கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, தராசு ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் போதும். அதற்கும் மேல் டிராவிஸ் மாவட்ட நீதிமன்றத்தில் முறையிடலாம். இந்தப் பாதை முழுவதையும் நடந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை; கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு போட்டுவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நியூயார்க் உரிமமும் உங்களிடம் இருப்பதால் அங்கே தனி விசாரணை நடக்கும். ஒரு மாநிலம் எடுக்கும் நடவடிக்கையே அடுத்த மாநிலத்துக்குப் போதுமான காரணமாகும் என்பதால், இரண்டுக்கும் ஒரே உண்மை, ஒரே சொற்கள் போக வேண்டும்.

பதிலை நீங்களே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடாதீர்கள். எங்கள் ஊர்ப் பழக்கம் எனக்குத் தெரியும். அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தால் நான்கு பக்கத்துக்குக் குடும்ப நிலைமை, பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் உடல்நிலை எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்கத் தோன்றும். அந்த நான்கு பக்கமும் சாட்சியம். வாரியத்துக்கு நீங்கள் சொல்வது வாரியத்தோடு நிற்கும் என்ற உறுதி கிடையாது. பட்டயம் வாங்கியவர்கள்மீது 2023-இல் மத்திய அரசு கிரிமினல் குற்றம் சாட்டவில்லை என்பது உங்களுக்கு ஆறுதல். ஆனால் அது உத்தரவாதம் அல்ல. எதைச் சொல்வது, எதற்கு மௌனம் காப்பது என்பதை உங்கள் வழக்கறிஞர் தீர்மானிக்கட்டும். மௌனம் உங்கள் உரிமை. பொய் யாருடைய உரிமையும் அல்ல. பதிலுக்கான கெடு நெருங்கிவிட்டால், வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கால நீட்டிப்புக் கேட்கலாம். நீங்கள் தனியாகத் தொழில்சார் காப்பீடு எடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தைத் தேடிப் பாருங்கள். பல காப்பீடுகளில் உரிமப் பாதுகாப்புக்கென்று ஒரு தொகை இருக்கும், மோசடி தொடர்பான விலக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இப்போது உங்களிடம் உண்மையில் மிஞ்சியிருப்பது எது என்று பார்க்க வேண்டும். எல்.வி.என். உரிமம் நீங்கள் உழைத்துப் பெற்றது. அதைக் காப்பாற்றுவதே இந்த வழக்கின் முதல் நோக்கமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதே சட்டம்தான் இரண்டு உரிமங்களையும் ஆள்கிறது, ஆகவே ஆர்.என். உரிமத்துக்காகச் செய்த தவற்றை வைத்து இதன்மேலும் கை வைக்க வாரியத்தால் முடியும். ஆனால் நான்கு ஆண்டுகளாகப் புகார் இல்லை, விசாரணைக்கு ஒத்துழைத்தார், வாங்கிய உரிமத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை என்ற மூன்றும் இங்கேதான் எடை போடப்படும். முதல் கேள்வியில் பயன்படாத உங்கள் நல்ல பதிவேடு இந்த இடத்தில் பயன்படும். எல்.வி.என். உரிமம் நிலைத்தால், உங்கள் ஊரிலேயே உள்ள சமூகக் கல்லூரிகளில் எல்.வி.என். படித்தவர்கள் ஆர்.என். ஆவதற்கான இணைப்புப் படிப்பு இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் ஆகும். உங்களைச் சேர்த்துக்கொள்வார்களா, முடித்தபின் வாரியம் தேர்வெழுத அனுமதிக்குமா என்பதெல்லாம் இப்போது போடப்படும் உத்தரவின் சொற்களைப் பொறுத்தது. அதனால்தான் சொற்களைப் பற்றி மேலே அவ்வளவு எழுதினேன்.

குடியுரிமை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்; அது என் துறை அல்ல. வாரியத்தின் உத்தரவு கிரிமினல் தண்டனை ஆகாது. ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் உங்கள் நன்னடத்தையை ஆராயும் அதிகாரி அதைப் படிக்கலாம். நீங்கள் ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் உங்களுடைய வாக்குமூலமாகவே கருதப்படும். ஆகவே குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர், வாரியத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே அதைப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு வழக்கறிஞர்களும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். விண்ணப்பத்தை அடுத்த ஆண்டே போட வேண்டுமா என்பதையும் அவரிடமே விடுங்கள்.

கடைசியாக, அதுவரை வேலைக்குப் போகலாமா என்ற கேள்வி. உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் உத்தரவு எதுவும் வராத வரை, காகிதத்தில் உங்கள் உரிமம் உயிரோடு இருக்கிறது. நாளை வேலைக்குப் போனால் சட்டம் உங்களைத் தடுக்காது. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆர்.என். ஆகப் போகமாட்டேன். இரவுப் பணியில், முதியோர் இல்லத்தில், கட்டிடம் முழுவதுக்கும் இருக்கும் ஒரே ஆர்.என். சில நாள் நீங்களாகவே இருப்பீர்கள். அந்த இரவில் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால், நீங்கள் செய்தது முற்றிலும் சரியாகவே இருந்தாலும், அவருடைய குடும்பத்தின் வழக்கறிஞர் முதலில் பிரிப்பது உங்கள் டிரான்ஸ்கிரிப்டைத்தான். கடிதம் கைக்கு வந்த பிறகும் தெரிந்தே வேலைக்கு வந்தவர் என்பது அடுத்த வரியில் இருக்கும். முதலாளியிடம் என்ன சொல்லி, எப்படி விடுப்பில் போவது அல்லது எல்.வி.என். பணிக்கு இறங்குவது என்பதை வழக்கறிஞருடன் பேசி, அவர் சொல்லும் சொற்களிலேயே செய்யுங்கள். அவரைப் பார்க்கப் போகும்போது 15,000 டாலர் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், பள்ளியிலிருந்து வந்த உறை, 2019 முதல் உள்ள சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முகவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலைப் படிக்க வெட்கமாக இருந்தாலும் அதில் ஒரு வரியைக்கூட அழித்துவிடாதீர்கள். மருத்துவமனைப் பயிற்சி எப்போது என்று நீங்கள் ஒருமுறையாவது அவரிடம் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியும் அதற்கு அவர் சொன்ன பதிலும் அங்கேதான் இருக்கின்றன.